காசு கொடுத்துப் படியுங்கள் என்று கேட்டோம்

சுனாமி வந்து போனதற்கு அடுத்த மழைக்காலத்தில், மணலிப் பக்கம் ஒரு ரசாயனத் தொழிற்சாலையில் ஒப்பந்தத் தொழிலாளி ஒருவர் தொட்டிக்குள் இறங்கிச் செத்துப்போனார். அடியில் தேங்கியிருந்த கசடை வாரி வெளியே கொட்டுவதற்காக அவரை இறக்கியிருந்தார்கள். முகமூடி கிடையாது, இடுப்பில் கயிறு கிடையாது. நான் அப்போது ராயபுரத்தில் ஒரு மாலைப் பத்திரிகையில் செய்தியாளராக இருந்தேன். அலுவலகத்துக்கு வந்த தகவல் வேறு மாதிரி இருந்தது. வேலை நேரத்தில் மாரடைப்பு, தொழிலாளி மரணம், அவ்வளவுதான். அதை அப்படியே எழுதிக் கொடுத்துவிட்டு நான் வீட்டுக்குப் போயிருக்கலாம். பிணவறைக்குப் போய் வரச் சொன்னது எங்கள் ஆசிரியர்தான். படம் கிடைத்தால் நல்லது என்றார்.

பிணவறை வாசலில் அவருடைய மனைவி நின்றிருந்தாள். என்னைவிடச் சின்னவள். கையில் ஒரு பிளாஸ்டிக் கவர், அதற்குள் அவர் போட்டிருந்த சட்டையும் பேண்டும். பத்திரிகையிலிருந்து வருகிறேன் என்றதும் கவரைப் பிரித்து என் முன்னால் நீட்டினாள்.

"மாரடைப்புன்றாங்கக்கா. நீயே மோந்து பாரு."

அழுகின முட்டை வாடை. நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அவள் கவரை மூடாமல் அப்படியே பிடித்துக்கொண்டு நின்றாள்.

"மேல நின்னவங்கல்லாம் பாத்துகினு இருந்தாங்களாம். யாரும் எறங்கல. எறங்குனா அவங்களும் காலி. ரெண்டு பேரு எங்கிட்ட வந்து சொன்னாங்க. பேரு மட்டும் போடாதக்கா, அவங்களுக்கு வேல பூடும்."

அந்த இரண்டு பேரையும் அவள் இருந்த சடையங்குப்பத்திலேயே அவரவர் வீட்டில் போய்ப் பார்த்தேன். தெருவில் முழங்கால் தண்ணீர் நின்றது. தனித்தனியாகக் கேட்டும் இருவரும் ஒரே விஷயத்தைத்தான் சொன்னார்கள். அந்தத் தொட்டியில் போன வருடமும் ஒருவர் மயங்கி விழுந்திருக்கிறார், தூக்கிப் போட்டுப் பிழைக்க வைத்திருக்கிறார்கள். நிர்வாகத்துக்குத் தெரியும். எழுதிக் கொடுத்தேன்.

ஆசிரியர் முழுவதும் படித்தார். நல்லா இருக்கு என்றார். பிறகு மேசை இழுப்பறைக்குள் வைத்துவிட்டார். அவர் கெட்டவர் இல்லை. சுற்றி வளைக்காமல் பேசக்கூடியவர்.

"ஆயுத பூஜைக்கு, பொங்கலுக்கு, புது வருஷத்துக்கு, முழுப்பக்க விளம்பரம் யார் குடுக்குறாங்கன்னு தெரியுமாம்மா உனக்கு? உன் சம்பளம் அதுலேர்ந்துதான் வருது. என்னுதும்தான்."

மறுநாள் மூன்று வரியில் மாரடைப்புச் செய்தி வந்தது. அதைப் பார்த்த பிறகு அந்தப் பெண்ணின் முகத்தில் எப்படி விழிப்பது என்று தெரியாமல் சில நாள் சடையங்குப்பம் பக்கமே போகவில்லை. அந்த மாதக் கடைசியில் வேலையை விட்டேன். பெரிய வீரம் ஒன்றும் இல்லை. அந்த நாற்காலியில் உட்கார முடியவில்லை, அவ்வளவுதான். வீட்டில் அப்பாவின் துறைமுகப் பென்ஷன் இருந்தது, பட்டினி கிடக்க மாட்டோம் என்ற தைரியமும் இருந்தது.

திருவொற்றியூர் தேரடிக்குப் பக்கத்தில் அப்போது ஒரு பிரவுசிங் சென்டர் இருந்தது. மாடியில் இரண்டு அறை, மரப்பலகை அடித்த தடுப்புகள், எப்போதும் சத்தம் போடும் ஒரு மின்விசிறி. அதன் சொந்தக்காரர் ஒரு சின்ன இணையதளம் நடத்திக்கொண்டிருந்தார். தண்ணீர் லாரி எந்தத் தெருவுக்கு எப்போது வரும், எங்கே கரன்ட் கட், எந்தக் கம்பெனியில் ஆள் எடுக்கிறார்கள், இதெல்லாம்தான் அதில் இருக்கும். என் கட்டுரையை அவரிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். நின்றபடியே படித்தார்.

"இத்த எவன் போட மாட்டேன்னான்?"

சொன்னேன். வேறு எதுவும் கேட்காமல் உட்கார்ந்து தட்டச்சு செய்ய ஆரம்பித்தார். அன்று சாயங்காலமே தளத்தில் போட்டுவிட்டோம்.

அதற்கு என்ன ஆகும் என்று எங்கள் இருவருக்கும் தெரியாது. சவூதியிலிருந்தும் துபாயிலிருந்தும் மெயில் வந்தது. எங்கள் அண்ணனும் இப்படித்தான் செத்தான் என்று தூத்துக்குடியிலிருந்து ஒருவர் எழுதினார். யாரோ அச்செடுத்து மணலி டீக்கடைகளில் ஒட்டியிருந்தார்கள். ஒரு வாரம் கழித்து, அந்தத் தொழிற்சாலைக்கு ஆள் பிடித்துக் கொடுக்கும் காண்டிராக்டர் படியேறி வந்தார். சென்டருக்குப் புதுப் போர்டு வைத்துத் தருகிறோம், தளத்தில் கம்பெனி விளம்பரம் மாதாமாதம் வரும், அந்த ஒரு கட்டுரையை மட்டும் எடுத்துவிடுங்கள் என்றார். சென்டர்க்காரர் அவருக்கு டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவைத்தார்.

"போர்டு வேணாம்மா. ஆனா டெலிபோன் பில்லு கட்டணும். நீயும் இப்ப சம்பளம் இல்லாம கீற. படிக்கிறவங்களாண்ட கேட்டா இன்னா?" என்றார்.

அப்படித்தான் ஆரம்பித்தது. மாதம் இருபது ரூபாய் என்று வைத்தோம். தளத்தின் முகப்பில் நானே ஒரு வாக்கியம் எழுதினேன்: 'உங்கள் காசில் நடப்பதால், யார் சொன்னாலும் எந்தச் செய்தியையும் எடுக்க மாட்டோம்.' எழுதும்போது பெருமையாகத்தான் இருந்தது.

இணையத்தில் பணம் கட்டுகிற வசதியெல்லாம் எங்கள் மாதிரி ஆட்களுக்கு அப்போது கிடையாது. வளைகுடாவில் இருப்பவர்கள் ஊரிலிருக்கும் தம்பியிடம் சொல்லிக் கொடுக்கச் சொல்வார்கள். மற்றவர்களிடம் நேரில் போய்த்தான் வாங்க வேண்டும். நான் காசிமேட்டில் கேட்டேன், தண்டையார்பேட்டையில் கேட்டேன், வியாசர்பாடி குடியிருப்பில் மாடி மாடியாக ஏறிக் கேட்டேன். எண்ணூர் விரைவுச்சாலையில் கண்டெய்னர் லாரிகள் நகராமல் நிற்குமே, அந்த டிரைவர்களிடம்கூடக் கேட்டிருக்கிறேன்.

"நெட்டுன்றது ஃப்ரீ தானம்மா? அதுக்கு எதுக்குக் காசு?"

"சென்டர்ல மணிக்கு இவ்ளோன்னு ஏற்கனவே குடுக்குறேன். மறுபடியும் உனக்கு வேறயா?"

"இன்னிக்கு எய்துவ, நாளைக்கு அவன் கைல வாங்கிக்குவ. எத்தினி பேரப் பாத்துட்டோம்."

கடைசியாகச் சொன்னவர் மேல் எனக்குக் கோபமே வரவில்லை. என் அப்பாவும் கிட்டத்தட்ட அதையேதான் சொன்னார். நான் எழுதுவதையெல்லாம் அச்செடுத்துக் கொண்டுவரச் சொல்லிப் படிப்பார். இருபது ரூபாய் கேட்டால், கையில் மடித்துப் பிடிக்க முடியாத பேப்பருக்குக் காசா என்பார்.

நான் பேசிய விதமும் தப்பு. கருத்துச் சுதந்திரம், சார்பற்ற செய்தி என்றெல்லாம் பேசினேன். கேட்டவர்கள் மரியாதையாகத் தலையாட்டினார்கள், உள்ளே போய்விட்டார்கள்.

இதைக் கேள்விப்பட்டு, தொட்டியில் செத்தவரின் மனைவியே ஒரு ஞாயிற்றுக்கிழமை சென்டருக்கு வந்தாள். அதற்குள் மணலி புதுநகரில் இரண்டு வீட்டில் பாத்திரம் தேய்க்கும் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். பெண் குழந்தை பள்ளிக்கூடத்தில் இருந்தது.

"நீ கேக்குறது அவங்களுக்குப் புரியலக்கா. நா வரேன் வா."

அன்று பெரம்பூருக்குப் போனோம். ரயில்வே பணிமனையில் வேலை செய்கிறவர்கள் குடியிருக்கும் தெரு. கதவைத் திறந்தவர் பனியனோடு நின்றார், நல்ல உயரம், மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி வைத்திருந்தார். நான் வாயைத் திறப்பதற்குள் அவள் ஆரம்பித்துவிட்டாள்.

"அண்ணா, எங்க வூட்டுக்காரரு தொட்டியில எறங்கி செத்தாரு. மாரடைப்புன்னு பேப்பர்ல போட்டாங்க. இந்த அக்காதான் உண்மைய எய்திச்சு. அதுக்காக வேலையும் உட்டுச்சு. இதுவும் சோறு துன்ன வேணாமா? நாளைக்கு உங்க பக்கத்துல எவனாச்சும் செத்தா, அத்த எய்தறதுக்கு ஒரு ஆளு இருக்க வேணாமா?"

அவர் எங்களை உள்ளே கூப்பிட்டு உட்காரச் சொன்னார். பணிமனையில் கிரேன் சங்கிலி அறுந்து தன் கூட்டாளி ஒருவர் போனதைச் சொன்னார். அது எங்கேயும் வரவில்லை என்றார். பிறகு அந்த மாதத்துக்கும் அடுத்த மாதத்துக்கும் சேர்த்துக் கொடுத்தார். அதற்குப் பிறகு அவர் தன் பணிமனையிலிருந்தே பலரைச் சேர்த்துவிட்டார். எங்களுக்குள் அவரை ரயில்வேக்காரர் என்று சொல்லிக்கொள்வோம்.

அவள் என்னோடு வந்த நாட்களில் ஏறக்குறைய யாரும் இல்லை என்று சொல்லவில்லை. ஒரு வருடத்துக்குள் டெலிபோன் பில்லும் வாடகையில் ஒரு பங்கும் என் பஸ் செலவும் வாசகர்கள் காசிலிருந்தே வந்தன. அனல்மின் நிலையத்தின் சாம்பல் குழாய் உடைந்து கழிமுகத்தில் கலந்ததை எழுதினோம். கடலரிப்பில் வீடு போனவர்களுக்குக் கொடுப்பதாகச் சொன்ன வீடு எங்கே என்று எழுதினோம். கட்டட வேலைக்குக் காண்டிராக்டர்கள் பள்ளிப் பிள்ளைகளைப் பிடித்துப் போனதை எழுதினோம். முதல் கட்டுரை தளத்தின் ஓரத்தில் எப்போதும் இருந்தது. புதிதாக வருகிறவர்கள் அதைத்தான் முதலில் படிப்பார்கள்.

அதற்கு அடுத்த கோடையில் ஒரு நாள் அவள் என் வீட்டுக்கு வந்தாள். தண்ணீர் கொடுத்தேன், குடிக்காமல் செம்பைக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, கம்பெனில கூப்ட்டாங்க. பணம் தராங்களாம். கொஞ்சம் இப்ப, மீதிய வருஷா வருஷம், பாப்பா படிச்சி முடிக்கிற வரைக்கும்." நிறுத்தினாள். "நீ எய்தினது இருக்கக் கூடாதாம். நானும் வெளிய பேசக் கூடாதாம்."

"வக்கீல் யாரையாவது பாத்தியா?"

"பாத்தேன். கேஸு போட்டா பத்து வருஷம்னாரு. பத்து வருஷம் நா பாத்திரம் தேய்ப்பேன்க்கா, பரவாயில்ல. பாப்பா?" பிறகு மெதுவாகச் சொன்னாள்: "அத்த எடுத்துடுக்கா."

சென்டர்க்காரரிடம் சொன்னபோது அவர் எழுந்து போய் ஜன்னல் பக்கம் நின்றுகொண்டார். "நம்மகிட்ட காசு குடுத்தவங்க எதுக்குக் குடுத்தாங்க? நீ எய்தி வெச்சியே அந்த ஒரு வரி, அதுக்குத்தான் குடுத்தாங்க. காண்டிராக்டரு கேட்டப்ப மாட்டேன்னோம். இப்ப அதே ஆளு அந்தப் பொண்ணு வாயால கேக்கறான். அவ்ளோதான் வித்தியாசம்."

"அவ புருஷன்தானே அண்ணே செத்தது. நம்ம யாரு அவளுக்கு வேணாம்னு சொல்ல?"

"வேணாம்னு சொல்லல. நாளைக்கு இன்னொருத்தன் அதே தொட்டில எறங்குவான்ல?"

இரண்டு நாள் நாங்கள் பேசிக்கொள்ளவில்லை. பிறகு, காசு கொடுத்தவர்களையே கேட்போம் என்று முடிவு செய்தோம். வர முடிந்தவர்கள் ஒரு ஞாயிறு காலையில் சென்டரின் மொட்டைமாடிக்கு வந்தார்கள். வெயில் ஏறுவதற்குள் முடித்துவிட வேண்டும் என்று நினைத்தோம், முடியவில்லை. சிலர் அவள் பக்கம், சிலர் சென்டர்க்காரர் பக்கம். ஒருவர், கம்பெனியிடம் நாங்களும் வாங்கிவிட்டோமா என்று கேட்டார். அவள் சுவரோரம் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். கடைசியில் சொன்னாள்:

"உங்க வூடு வூடா வந்து நாந்தான் கேட்டேன். இப்பவும் நாந்தான் கேக்கறேன். எனக்கு வேற வயி இல்ல."

ரயில்வேக்காரர்தான் எழுந்தார். "எடுத்துடுங்கம்மா. பொண்ணு படிக்கட்டும். ஆனா முகப்புல எழுதி வெச்ச அந்த வரியையும் எடுத்துடுங்க. இனிமே அதைச் சொல்லி யார்கிட்டயும் காசு கேக்கக் கூடாது."

அன்று மாலை சென்டர்க்காரர் இரண்டையும் எடுத்தார். நான் பக்கத்தில் நின்றேன். பக்கம் வெள்ளையாக வந்தது. அவர் கம்ப்யூட்டரை அணைக்காமல் அப்படியே கீழே இறங்கிப் போய்விட்டார்.

வாசகர்கள் ஒரே நாளில் விலகவில்லை. ஒவ்வொருவராகத்தான் நின்றார்கள். போன மாதம் மறந்துட்டேம்மா என்பார்கள், அடுத்த மாதம் வீட்டில் இருக்க மாட்டார்கள். புதிதாக யாரையும் கேட்க என்னிடம் சொல்வதற்கு ஒன்றும் இல்லை. அவளும் வர முடியாது, வாய் திறக்கக் கூடாது என்று கையெழுத்துப் போட்டிருந்தாள். ரயில்வேக்காரரும் அவருடைய ஆட்கள் சிலரும் மட்டும் தொடர்ந்து கொடுத்தார்கள்.

அடுத்த மழைக்குப் பிறகு அதே தொழிற்சாலையில், அதே தொட்டியில், இன்னொருவர் செத்தார். இந்தத் தடவை மாரடைப்பு என்று சொல்ல முடியவில்லை, காப்பாற்ற இறங்கின இன்னொருவர் உயிரோடு மருத்துவமனையில் கிடந்தார். டிவிக்காரர்கள் வந்தார்கள். நிர்வாகத்தின் சார்பில் பேசியவர், இங்கே இதுவரை இப்படி ஒன்று நடந்ததே இல்லை என்றார். எல்லா இடத்திலும் அதுவே வந்தது. தேடிப் பார்ப்பவர்களுக்குக் காட்ட எதுவும் இல்லை.

செத்தவரின் வீடு எர்ணாவூர்ப் பக்கம். நான் போனபோது சடங்கெல்லாம் முடிந்திருந்தது. அவர் மனைவி என்னை உட்காரச் சொல்லிவிட்டு, தானே கேட்டாள்: "இதுக்கு முன்னாடியே அங்க ஒருத்தரு செத்தாராமே? மெய்யாவா?"

"ஆமாம்."

"யாரும் எய்தலியா?"

"எழுதினோம். கம்ப்யூட்டர்ல இருந்துச்சு. அப்புறம் எடுத்துட்டோம்."

ஏன் என்று கேட்பாள் என நினைத்தேன். கேட்கவில்லை. "எங்க வூட்டுக்காரரு பிரவுசிங்லாம் போவாரு. வேலைக்குச் சேர்ற முன்னாடி அந்தக் கம்பெனி எப்டினு தேடிப் பாத்துட்டுதான் போனாரு. ஒண்ணும் தப்பா இல்லன்னாரு" என்றாள்.

என்னால் அங்கே உட்கார முடியவில்லை. எண்ணூர் நெடுஞ்சாலையில் வந்து நின்று, வந்த பஸ்ஸில் ஏறி, எங்கே இறங்குவது என்று யோசிக்காமல் கடைசிவரை போனேன். இரண்டு நாள் கழித்து சடையங்குப்பத்துக்கு, பாப்பாவின் அம்மா வீட்டுக்குப் போனேன். கட்டுரையைத் திரும்பப் போடு என்று கேட்கப் போகவில்லை. நடந்ததை வேறு யாரிடமும் சொல்ல முடியவில்லை. எர்ணாவூர்ப் பெண் சொன்னதை அப்படியே சொன்னேன். அவள் அரிசி களைந்துகொண்டிருந்தாள். கை நின்றது.

"தேடிப் பாத்தாராமா?"

"ம்."

களைந்த தண்ணீரைக் கீழே ஊற்றினாள். பிறகு பாத்திரத்தைத் தள்ளி வைத்தாள்.

"போட்டுடுக்கா."

"மீதிப் பணம் நின்னுடும். பாப்பா இன்னும் பத்தாவதுகூட முடிக்கல."

"தெரியும். நீ போடு."

சென்டர்க்காரர் எடுத்ததை அழிக்காமல் வைத்திருந்தார். இரண்டு சாவையும் சேர்த்துப் போட்டோம். டிவிக்காரர்கள் மறுபடி வந்தார்கள், இந்தத் தடவை அவளிடம். பெயர் சொல்லி, முகம் காட்டிப் பேசினாள். ஆய்வுக்கு அதிகாரிகள் வந்தார்கள், தொட்டிக்கு சீல் வைத்தார்கள். எர்ணாவூர்ப் பெண் வழக்குப் போட்டாள். கம்பெனி சொன்னபடியே, பாப்பாவின் அம்மாவுக்கு வரவேண்டிய மீதி நின்றது.

நாங்கள் மறுபடி வாசகர்களிடம் போனோம். இந்தத் தடவை எனக்காகவோ சென்டருக்காகவோ கேட்கவில்லை. பேசியதற்காக ஒரு வீட்டில் வருமானம் நின்றிருக்கிறது, செய்தி வேண்டுமென்றால் அந்த வீட்டையும் சேர்த்துத்தான் தாங்க வேண்டும் என்று கேட்டேன். தளத்திலும் அதையே எழுதினேன். முதலிலேயே இதைக் கேட்டிருக்க வேண்டும் என்று அப்போதுதான் புரிந்தது. எழுதுகிறவளின் சோற்றைப் பற்றி மட்டுமே யோசித்திருந்தோம். வாய் திறந்தவளுக்கு ஒரு வக்கீல் வைக்கவும், அவள் வழக்கு முடியும்வரை நிற்கவும் வாசகர்களிடம் கேட்கலாம் என்று எங்களுக்குத் தோன்றவே இல்லை.

முதல் சில மாதம் பணம் வந்தது. போனவர்களில் சிலர் திரும்பி வந்தார்கள். வளைகுடாவிலிருந்து நிறையவே வந்தது. டிவி வேறு செய்திக்குப் போனதும் குறைந்தது. யாரையும் குறை சொல்ல மாட்டேன். வியாசர்பாடியில் மாடி ஏறிக் கேட்டால், கொடுக்கிறவர் வீட்டிலும் ஃபீஸ் கட்டாத பிள்ளை இருக்கும். பாப்பா பத்தாவது பாஸானாள். அதற்கு மேல் படிக்கவில்லை. காசிமேட்டில் இறால் உரிக்கும் இடத்துக்குப் போக ஆரம்பித்தாள். அவள் அம்மா என்னிடம் ஒரு நாளும் அதைச் சொல்லிக் காட்டியதில்லை. நானும் அந்தப் பக்கம் போனால் பாப்பாவின் புண்ணான விரல்களைப் பார்க்காமல்தான் பேசுவேன்.

அதற்குப் பிறகு சென்டர் ரொம்ப நாள் ஓடவில்லை. வீட்டுக்கு வீடு கனெக்ஷன் வந்துவிட்டது, வாடகை ஏறியது. சென்டர்க்காரர் கம்ப்யூட்டர்களை விற்றுவிட்டு அம்பத்தூரில் ஒரு வேலைக்குப் போனார். தளத்துக்குக் கட்ட வேண்டியதைக் கட்ட முடியாமல் அதுவும் ஒரு நாள் நின்றது. எர்ணாவூர்ப் பெண்ணின் வழக்கு அப்போதும் நடந்துகொண்டுதான் இருந்தது. நான் பாடப்புத்தகம் திருத்தும் வேலையில் சேர்ந்தேன்.

சென்டர் மூடிய அடுத்த மாதம் ரயில்வேக்காரர் அங்கே போய், பூட்டைப் பார்த்துவிட்டு, விசாரித்துக்கொண்டு எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டார். அப்பா கதவைத் திறந்தார். நான் வெளியே வருவதற்குள் சட்டைப் பையிலிருந்து அந்த மாதக் காசை எடுத்து நீட்டிக்கொண்டிருந்தார்.

"தளம் நின்னுடுச்சு சார். இனிமே வேணாம்" என்றேன்.

"நிறுத்திட்டீங்களா?" என்றார். கை அப்படியே இருந்தது. "அப்ப இனிமே யாரு எழுதுவாங்க?"

அவர் பணத்தை மடித்துத் திரும்பப் பையில் வைத்துக்கொண்டு, அப்பாவிடம் சொல்லிக்கொண்டு படியிறங்கிப் போனார். அப்பா கதவைச் சாத்தினார்.